ஐந்தடி பத்தங்குலம்

என் புருஷன் டேரின் ஹோவ்லாண்டுக்குப் பொய் சொல்லவே வராது என்று எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நானும் இருபத்திரண்டு வருஷமாக அதையே சொல்லிக்கொண்டு திரிந்தவள்தான். மற்ற மாதங்களில் அவனுக்குத் தானியக் கிடங்கில் வேலை. அக்டோபர் பிறந்தால் சர்க்கரை பீட் கிழங்கு அறுவடை. அப்போது மட்டும் எடைமேடைக் கூண்டுக்குள் உட்கார்ந்துவிடுவான். பன்னிரண்டு மணி நேரம் கிழங்கு லாரிகளை எடை போடுவதுதான் வேலை. "இருபத்தஞ்சு டன் இருக்கும் டேரின், போட்டுக்கோ, பின்னால பாரு, எத்தனை வண்டி நிக்குது" என்று சொந்தச் சித்தப்பா மகனே கெஞ்சினாலும் அசைய மாட்டான்.

"நீ சொல்றத எழுதறதுக்கா என்னை இங்க உக்கார வெச்சிருக்காங்க? மேடைல ஏத்து. அது என்ன சொல்லுதோ அதத்தான் எழுதுவேன்."

பிடிவாதம் என்றால் அப்படி ஒரு பிடிவாதம். அதனால்தான் ஊரில் அவனுக்கு மரியாதை. அதனால்தான் நானும் அவனைக் கட்டிக்கொண்டேன்.

அவன் பயப்படும் விஷயம் ஒன்றே ஒன்றுதான். அவன் அப்பா ஆர்லன் ஐம்பத்திரண்டு வயதில் போனார். சிறுநீரகம் இரண்டிலும் நீர்க்கட்டிகள். ஒன்று, பத்து, நூறு என்று கட்டிகள் பெருத்து, கடைசியில் அவருக்கு பெல்ட் போட முடியாமல் வயிறு முன்னால் தள்ளியது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், நாலு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்து, திரும்பக் கூட்டி வந்தவன் டேரின். அப்போது அவனுக்கு இருபத்துமூன்று வயது. அப்பா சாய்ந்து கிடந்த அந்த டயாலிசிஸ் நாற்காலியைப் பற்றி இன்றுவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

ரத்தத்தில் வரும் நோய் அது. பெற்றவரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரலாம், வராமலும் போகலாம். காசு சுண்டிவிடுவது மாதிரிதான். டேரினின் அக்காவுக்கு இல்லை. டேரினுக்கு இருந்தது. எங்களுக்கு ஒரே மகள் ப்ரிட்டா. இருபது வயது, மினியாபோலிஸில் படிக்கிறாள். அவளுக்கு உண்டா இல்லையா என்று நாங்கள் பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை என்பதுதான் இந்தக் கதை.

இந்த நோயில் ரத்தப் பரிசோதனையை நம்பி உட்கார முடியாது. கட்டிகள் பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருக்கும். மிச்சமிருக்கும் சிறுநீரகம் இழுத்துப் பிடித்து வேலை செய்துகொண்டிருக்கும். ரத்தத்தில் ஒன்றும் தெரியாது. தெரியும்போது பாதி போயிருக்கும். அதனால் படம் எடுத்துப் பார்க்கிறார்கள். அறுவடை முடிந்து நவம்பர் வந்தால் நாங்கள் ஃபார்கோ நகர ஆஸ்பத்திரிக்குப் போவோம், எம்ஆர்ஐ எடுக்க. உள்ளே படுக்க வைத்து, மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லி, வயிற்றை அடுக்கடுக்காகப் படம் பிடிப்பார்கள். ஒவ்வொரு படத்திலும் சிறுநீரகத்தின் விளிம்பைச் சுற்றிக் கோடு போட்டு, எல்லாவற்றையும் கூட்டி, இரண்டும் சேர்ந்து எவ்வளவு பெரிசு என்று கண்டுபிடிப்பார்கள். அந்தக் கணக்கு டாக்டரின் திரையில் ஒரு புள்ளியாக வந்து உட்காரும். திரையில் ஐந்து பட்டைகள். கீழே இரண்டு, மெதுவாக வளரும் ஆட்கள். மேலே மூன்று, வேகமாக வளரும் ஆட்கள். வளர்ச்சியை மெதுவாக்க ஒரு மாத்திரை உண்டு, அது அவர்களுக்குத்தான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் முதல்முறை போனபோது, புள்ளி கீழிருந்து இரண்டாவது பட்டையில் விழுந்தது. பழைய டாக்டர், நல்ல மனுஷர், பேச்சு குறைவு. "மெதுவான வகை. மாத்திரை வேண்டாம். தண்ணி நெறைய குடிங்க, உப்பக் குறைங்க" என்றார். வண்டிக்கு வந்ததும் டேரின் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். பிறகு ப்ரிட்டாவுக்குப் போன் போட்டான். "கண்ணு, அப்பாவுக்கு மெதுவான வகையாம். தாத்தா மாதிரி இல்ல" என்றான். அவன் குரலில் அத்தனை சந்தோஷத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

அன்றே முடிவு செய்துவிட்டோம். அப்பாவுக்கே மெதுவான வகை என்றால் அவளுக்கு வந்தாலும் மெதுவாகத்தானே வரும்? படிக்கிற பெண்ணை எதற்குப் பயமுறுத்துவது? எந்த டாக்டரும் எங்களுக்கு அப்படிச் சொல்லவில்லை. நாங்களாகவே சொல்லிக்கொண்டோம். மூன்று வருஷம் அந்தப் புள்ளியை நம்பித்தான் நான் தூங்கினேன். சரியாகத் தூங்கினேன் என்றும் சொல்ல முடியாது. அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தால் எனக்கும் விழிப்பு வந்துவிடும். குளித்துவிட்டு வரும்போது அவன் வயிற்றைத் திருட்டுத்தனமாகப் பார்ப்பேன். பெல்ட்டில் எந்த ஓட்டையில் மாட்டியிருக்கிறான் என்று பார்ப்பேன்.

போன நவம்பரில் போனபோது டாக்டர் மாறியிருந்தார். டாக்டர் ரீமர் என்று ஓர் அம்மாள், முப்பத்தைந்து வயதிருக்கும், எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லும் ரகம். அவர் முதலில் படத்தைக் காட்டினார். சிறுநீரகம் என்று சொன்னதால் நம்பினேன். சோப்பு நுரையை இரண்டு பக்கமும் அள்ளி வைத்தது மாதிரி இருந்தது. டேரின் படத்தைப் பார்க்கவே இல்லை, சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ரெண்டும் சேந்து தொள்ளாயிரத்து எழுபது மில்லி. சாதாரணமா முன்னூறு, முன்னூத்தம்பது இருக்கும்," என்றார் டாக்டர். "ஆனா பாருங்க, புள்ளி இன்னும் ரெண்டாவது பட்டையிலதான் இருக்கு. கோட்டுக்கு மயிரிழை கீழ. கொஞ்சம் கவனமா இருக்கணும், அவ்வளவுதான்."

டேரின் மூச்சு விட்டான். நானும் விட்டேன்.

"அந்தக் கோட்ட எப்டி டாக்டர் தீர்மானிக்கறாங்க?" என்று நான் கேட்டேன். எதற்குக் கேட்டேன் என்று எனக்கே தெரியாது. பயத்தில் வாய் சும்மா இருக்காதே.

"சுலபம்தாம்மா. நெட்டையான ஆளுக்கு எல்லாமே பெரிசா இருக்கும் இல்லியா, கிட்னியும்தான். அதனால மொத்த அளவ ஆளோட உயரத்தால வகுப்போம். அந்த எண்ணையும் வயசையும் வெச்சுத்தான் பட்டை. இவரு ஐஞ்சடி பத்து. நல்ல உயரம். அதனாலதான் கோட்டுக்குக் கீழ நிக்கறாரு."

நான் எட்டித் திரையைப் பார்த்தேன். அதில் அப்படித்தான் போட்டிருந்தது.

டேரின் ஐந்தடி பத்து இல்லை. என்றைக்குமே ஐந்தடி பத்து இருந்ததில்லை.

எங்கள் பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்து அணி ஒருமுறை மாநிலப் போட்டிவரை போனது. ஊர் அதைச் சாகிறவரை மறக்காது. பயிற்சியாளர் ஃபாஸ், எதிரணிக்காரன் பயந்து சாகட்டும் என்று, அச்சடித்த அணிப் பட்டியலில் பையன்கள் அத்தனை பேருக்கும் இரண்டு, மூன்று அங்குலம் கூட்டிப் போட்டுவிட்டார். எங்கள் பக்கத்தில் எல்லாப் பள்ளியிலும் செய்கிற வேலைதான். அந்தப் பட்டியல், அணிப் படத்தோடு சட்டம் போட்டு இன்னும் எங்கள் ஊர் காபிக் கடையில் தொங்குகிறது. எண் பதினொன்று, டேரின் ஹோவ்லாண்ட், ஐந்தடி பத்து. அதைப் பார்த்துத்தான் ஓட்டுநர் உரிமத்தில் எழுதினான். உரிமத்தைப் பார்த்து ஆஸ்பத்திரிப் படிவத்தில் எழுதினான். ஒருமுறை எழுதிவிட்டால் பிறகு வருஷா வருஷம் அதுவே தானாக வந்து நிற்கிறது. யார் அளக்கப் போகிறார்கள்?

எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? நான் தையல்காரி. ஊர் நடுத்தெருவில் சின்னக் கடை. ஹாக்கிக் கோட்டு ஜிப் மாற்றுவதிலிருந்து கல்யாண கவுன் பிடிப்பதுவரை எல்லாம் என் கைதான். டேரின் கடைக்குப் போனால் கால் நீளம் முப்பத்திரண்டு என்று லேபிள் போட்ட பேன்ட்தான் வாங்குவான். வீட்டுக்கு வந்ததும் ஒரு வார்த்தை பேசாமல் அதை என் மிஷின் மேல் வைத்துவிட்டுப் போவான். நானும் ஒரு வார்த்தை பேசாமல் இரண்டரை அங்குலம் வெட்டி மடித்துத் தைத்துவிடுவேன். கல்யாணத்துக்கு முன்பிருந்தே இது நடக்கிறது. ஆம்பிளைக்கு அப்படி ஒரு சின்ன ஆசை. இருந்துவிட்டுப் போகட்டுமே என்று விட்டேன். அதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தேன்.

திரும்பி அவனைப் பார்த்தேன். அவன் கழுத்து சிவந்திருந்தது. டாக்டர் சொன்னது அவனுக்கும் புரிந்துவிட்டது என்று தெரிந்தது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தான். சொல்லுடா, சொல்லித் தொலையேன் என்று என் மனசு அடித்துக்கொண்டது. டாக்டர் அடுத்த வருஷத்துக்கு நாள் குறிக்க ஆரம்பித்துவிட்டார்.

"டாக்டர்," என்றேன். "டாக்டர், இவரு ஐஞ்சடி பத்து இல்ல."

"ஜனெல்," என்றான் டேரின். பேரை மட்டும்தான் சொன்னான்.

"இல்லவே இல்ல. நான்தான் இவருக்குத் தைக்கறேன். எனக்குத் தெரியாதா?"

"கிட்டத்தட்ட அவ்வளவுதான் டாக்டர். இவ எல்லாத்தையும் பெரிசு பண்ணுவா. இப்ப அதா முக்கியம்?"

எனக்கு வந்ததே கோபம். பயம் முற்றினால் எனக்குக் கோபமாகத்தான் வரும். "கிட்டத்தட்டவா? கிட்டத்தட்ட இருபத்தஞ்சு டன்னுன்னு ஒருத்தன் சொன்னா எழுதிக்குவியா நீ? சொல்லு! எழுதிக்குவியா?"

டாக்டர் என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எழுந்து போய்க் கதவைத் திறந்து, "கோனி, உயரம் பாக்கணும். கொஞ்சம் வாங்க," என்றார்.

கோனி என்ற நர்ஸ் வந்தாள். எங்கள் அம்மா வயது. எல்லாரையும் அதட்டும் சுபாவம். சுவரோரம் அளவுகோல் நின்றது. டேரின் அசையவில்லை. பிறகு குனிந்து பூட்ஸைக் கழற்றினான். உயரமாகத் தெரிய உள்ளே தக்கை வைத்திருந்தான். அது எனக்கே தெரியாது. அதை எடுத்து யாரும் பார்க்காத மாதிரி நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டு, காலுறையோடு போய்ச் சுவரில் சாய்ந்து நின்றான்.

"கழுத்த நீட்டாதீங்க மிஸ்டர் ஹோவ்லாண்ட். இங்க பரிசு ஒண்ணும் குடுக்கல," என்றாள் கோனி. கட்டையை இறக்கி அவன் தலையில் வைத்தாள். "ஐஞ்சடி ஏழரை."

"இன்னொரு தடவ பாருங்க," என்றான்.

பார்த்தாள். ஐந்தடி ஏழரை.

டாக்டர் எண்ணை மாற்றினார். நான் திரையைப் பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்தேன், கண் கேட்டால்தானே. புள்ளி மேலே ஏறியது. ஒரு விரல் நகம் அளவுகூட இல்லை. கோட்டைத் தாண்டி மூன்றாவது பட்டையில் போய் உட்கார்ந்தது.

டாக்டர் மாத்திரையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். கட்டி வளர்வதை மெதுவாக்கும், நிறுத்தாது. நாள் முழுக்கத் தாகம் எடுக்கும், அரை மணிக்கு ஒருமுறை சிறுநீர் போக வேண்டியிருக்கும், ஈரல் கெடாமல் இருக்கிறதா என்று மாதாமாதம் ரத்தம் பார்க்க வேண்டும். எடைமேடைக் கூண்டில் அரை மணிக்கு ஒருமுறை யாரால் எழுந்து போக முடியும்? அந்த வேலை போச்சு என்று அவனுக்கு அப்போதே தெரிந்திருக்கும். ஆனால் அவன் கேட்டது வேறு.

"மூணு வருஷத்துக்கு முந்தி எடுத்த படம் இருக்கில்ல டாக்டர். அதுக்கும் இந்த உயரத்தப் போட்டுப் பாருங்க."

"அது இப்ப வேண்டாமே, மிஸ்டர் ஹோவ்லாண்ட்."

"போட்டுப் பாருங்க."

போட்டார். அதுவும் கோட்டுக்கு மேலேதான்.

"அப்பவே ஆரம்பிச்சிருந்தா?"

டாக்டர் பொய் சொல்லவில்லை. "கொஞ்ச காலம் மிச்சமாகியிருக்கும். எவ்வளவுன்னு என்னால சொல்ல முடியாது," என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மூன்று வருஷத்தில் எத்தனை பேன்ட் வெட்டியிருப்பேன்? ஆறு? ஏழு? ஒவ்வொரு தடவையும் வாயைத் திறந்திருக்கலாம். எவ்வளவு உயரம் என்று படிவத்தில் எழுதினாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பாவி, நான் கேட்கவில்லை.

வண்டி நிறுத்துமிடத்தில் பனி பெய்ய ஆரம்பித்திருந்தது. உள்ளே ஏறி உட்கார்ந்தோம். ஹீட்டரைப் போட்டான், வண்டியை எடுக்கவில்லை.

"எத்தன நாளாத் தெரியும் உனக்கு?"

"மொத மொத நீ ஒரு பேன்ட் கொண்டாந்தியே, அன்னிலேருந்து."

"ஒரு தடவையாவது சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல?"

"உனக்கு அது புடிச்சிருந்துதுடா. நான் ஏன் கெடுக்கணும்னு இருந்துட்டேன். இப்படி ஆகும்னு கண்டனா?" எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அவன் என்னைத் திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அந்தம்மா வகுக்கணும்னு சொன்ன உடனே எனக்குப் புரிஞ்சு போச்சு," என்றான். "ஆனா வாய் வரல. நான் கீழ இருந்தா ப்ரிட்டாவும் கீழ இருப்பா. அதான். நான் மேல போனா..." முடிக்கவில்லை. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். "எனக்கு ரொம்பப் பயமா இருக்கு ஜனெல்."

"எனக்கும்தான்."

"அவ ஸ்கேன் எடுக்கணும். இன்னிக்கே சொல்லணும். நானே சொல்றேன்."

போனை எடுத்து, முன்னால் தாங்கியில் வைத்து, ப்ரிட்டாவை ஸ்பீக்கரில் கூப்பிட்டான். இரண்டு தடவை மணி அடிப்பதற்குள் எடுத்துவிட்டாள்.

"அப்பா! படம் எடுத்தாச்சா? டாக்டர் என்ன சொன்னாங்க?"

"கண்ணு, அப்பா சொல்றத பொறுமையா கேளு. அப்பாவுக்கு மெதுவான வகை இல்ல. கணக்கு தப்பு. தப்பு என்னோடதுதான், ஆஸ்பத்திரி மேல இல்ல. அப்பா உயரத்த மாத்தி எழுதிட்டேன். அதனால நீயும் போயி ஒரு ஸ்கேன் எடுத்துப் பாக்கணும். பயப்படாத. நானும் கூட வரேன். உள்ள படுத்துக்கிட்டு மூச்சப் புடிக்கறதுதான், ஒண்ணும் வலிக்காது. தேதி மட்டும் சொல்லு."

லைன் போய்விட்டதோ என்று நான் போனைத் தட்டினேன்.

"ப்ரிட்டா? இருக்கியா?"

"இருக்கேம்மா." பிறகு மெதுவாகச் சொன்னாள். "நான் எடுத்துட்டேம்பா. மார்ச்லயே. இங்க காலேஜ் ஆஸ்பத்திரியில."

டேரின் கை ஸ்டியரிங்கில் இருந்தது. அந்தக் கையை நான் பிடித்துக்கொண்டேன்.

"என்ன சொன்னாங்க?" என்று நான்தான் கேட்டேன்.

"ரெண்டு பக்கமும் இருக்கும்மா. வலது பக்கம் அஞ்சு, இடது பக்கம் நாலு. இன்னும் சின்னதுதானாம்."

"எட்டு மாசமா? எட்டு மாசமா எங்ககிட்ட சொல்லாம இருந்தியா?"

"அப்பா ஒவ்வொரு தடவையும் போன்ல மெதுவான வகை, மெதுவான வகைன்னு எவ்வளவு சந்தோஷமா சொல்வாரு. எப்டிம்மா சொல்றது?"

"யாரு கூடப் போனே?" என்றான் டேரின்.

"யாரும் இல்லப்பா. தனியாத்தான்." அதுவரை சமாளித்துப் பேசியவளின் குரல் அங்கே உடைந்தது. "ரொம்பப் பயமா இருந்துச்சுப்பா. இப்பவும் இருக்கு."

டேரின் வண்டியைக் கியரில் போட்டான். கண்ணாடியில் வைப்பர் இரண்டு தடவை போய் வந்தது. நிறுத்துமிட வாசலுக்கு வந்து நின்றோம். இடது பக்கம் போனால் நெடுஞ்சாலை வடக்கே, ஒன்றரை மணி நேரத்தில் வீடு. வலது பக்கம் மினியாபோலிஸ், இந்தப் பனியில் நாலு மணி நேரமாவது ஆகும்.

"நாங்க வரோம்," என்றான்.

"இப்பவா? நாளைக்கு உனக்கு வேலை இருக்கில்லப்பா?"

"இருக்கு," என்றான் டேரின். வலது பக்கம் சிக்னல் போட்டான்.